குடை சாய்ந்த ஜிப்சி: ஏர்வாடி – சாயல்குடி கடலோரச் சாலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ராமநாதபுரம் மாவட்டத்தின் தெற்குக் கரையில், மன்னார் வளைகுடாவை ஒட்டி இரண்டு இடங்களில் இறால் பண்ணை நடத்தும் ஒருவருடைய வண்டி இது. இரண்டு பண்ணைக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் 14 கி.மீ. தூரம். சாலையிலிருந்து ஒவ்வொரு பண்ணைக்கும் ஏறத்தாழ 2 கி.மீ. மணல் பாதை. இருபுறமும் பனையும் சீமைக்கருவேலமும் அடர்ந்திருக்கும். பாதையின் அகலம் ஒரு வண்டிக்குத்தான். ஆடியில் கச்சான் காற்று பிடித்துவிட்டால் நேற்றுப் பார்த்த தடம் இன்று இருக்காது.

இப்படிப்பட்ட பாதைக்கு மாருதி ஜிப்சியைத் தேர்ந்தெடுத்ததில் தவறு எதுவும் இல்லை. வெறும் வண்டியின் எடை ஒரு டன்னை ஒட்டித்தான். நான்கு சக்கர இயக்கமும் குறைந்த வேகக் கியரும் உண்டு. கனமான ஜீப்புகள் அச்சு வரை புதையும் மணலை இது மிதந்தே கடந்துவிடும். பண்ணைக்காரர் வாங்கியது பழைய 1.3 லிட்டர் வண்டி. இரும்புக் கூரை, பின்னால் பக்கவாட்டில் உட்காரும் இரண்டு பெஞ்சுகள். பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ், காற்றுப்பை, சறுக்கும் வண்டியை நேராக்கும் ஈஎஸ்பி எதுவும் இல்லை. பெல்ட் முன் இருக்கை இரண்டுக்கு மட்டும்.

வண்டியை வழக்கமாக ஓட்டியவர் அவருடைய அக்கா மகன். மணலில் ஓட்டுவதில் கைதேர்ந்தவர். புதைந்த வண்டியை ஆள் தள்ளாமல் எடுக்கத் தெரியும். விபத்துக்குக் காரணம் ஓட்டத் தெரியாததுதான் என்று பலர் சொன்னார்கள். அது சரியில்லை என்பதால் இதை இங்கேயே பதிகிறோம்.

வண்டியில் செய்திருந்த மாற்றங்கள்

வாங்கிய ஆறாவது மாதமே வண்டியைத் தூக்கிக் கட்டினார்கள். பட்டை வில்லில் (லீஃப் ஸ்பிரிங்) கூடுதலாக ஒரு பட்டை, வில் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள் நீளமாக, இரண்டும் சேர்ந்து 75 மி.மீ. உயரம். 205/70 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போட்டார்கள். ஓரளவு பள்ளத்தில் அடி தட்டாமல் போக இது உதவியது, உண்மை. ஆனால் ரிம் பழைய 5.5 அங்குல இரும்பு ரிம்மேதான். 235 டயருக்குக் குறைந்தது 6 அங்குல ரிம் வேண்டும். ஒடுங்கிய ரிம்மில் அகலமான டயரைப் போட்டால் பக்கச் சுவர் பலூன் போல வெளியே தள்ளும். வளைவில் ரிம் ஒரு பக்கம் போக டயர் ஒரு பக்கம் மடியும்.

ஷாக் அப்சார்பர்களை மாற்றவில்லை. வில் உயர்ந்த பிறகு அவை ஏறக்குறைய முழு நீளத்துக்கு இழுபட்டே நின்றன. உப்புக் காற்றில் ஷேக்கிள் ரப்பர் புஷ்கள் வெடித்துப் பொடிந்திருந்தன. கூரைமேல் ஆங்கிள் இரும்பில் வெல்டிங் செய்த கேரியர், 30 கிலோ. கேரியர் இருந்தால் அதில் சுமை ஏறத்தான் செய்யும்.

நடந்தது

ஒரு ஆடி மாதப் பிற்பகல். மேற்கே இருந்த பண்ணையில் அறுவடை முடிந்து நான்கு மூட்டை தீவனம் மிச்சம், மூட்டை 25 கிலோ. அதைக் கிழக்குப் பண்ணைக்குக் கொண்டுபோக வேண்டும். பின்னால் வலை, கயிறு, இறால் தீவனம் தின்றதைப் பார்க்கும் செக் ட்ரே, இரண்டு வேலையாட்கள். கால் வைக்க இடமில்லை என்று மூட்டைகளைக் கேரியரில் ஏற்றிக் கட்டினார்கள். முன்னால் ஓட்டுநரும் பண்ணை மேற்பார்வையாளரும். ஓட்டுநர் பெல்ட் போட்டிருந்தார். பின்னால் இருந்த இருவருக்கும் பெல்ட் இல்லை. மேற்பார்வையாளருக்குப் பெல்ட் இருந்தும் போடவில்லை.

மணல் பாதைக்காகக் காலையிலேயே டயர் காற்றை 16 பவுண்டுக்கு இறக்கியிருந்தார்கள். மணலில் அது சரியான அளவுதான். தார்ச் சாலை ஏறியபோது மறுபடி காற்று அடிக்கவில்லை. பின்னர் கேட்டபோது ஓட்டுநர் சொன்ன பதில்: "பதினாலு கிலோமீட்டர்தான மாமா, அங்கிட்டும் மணலுதான. மறுபடி இறக்கணுமேன்னு விட்டுட்டேன்." இரண்டு முனையிலும் மணல், நடுவில் தார் என்ற இந்த அமைப்பு நம் கரையில் எங்கும் உண்டு. இந்த எண்ணம் அவருக்கு மட்டும் வந்ததல்ல.

வேகம் 60 கி.மீ. என்றார் ஓட்டுநர். இடது பக்கக் கருவேலப் புதரிலிருந்து ஆடுகள் இறங்கி நடு ரோட்டுக்குப் போயின. அவற்றுக்குப் பின்னால் ஒதுங்கிப் போகலாம் என்று அவர் இடது ஓரம் ஒடித்தார். இடது சக்கரங்கள் இரண்டும் தார் விளிம்பை விட்டு இறங்கி மணலில் விழுந்தன. மணல் வண்டியை இடப்பக்கம் இழுக்க, அவர் வலது பக்கம் பலமாக ஒடித்தார். இடது முன் டயர் விளிம்பின் பக்கவாட்டில் உரசிக்கொண்டே ஓடிச் சட்டென்று மேலே ஏறியது. அதுவரை எதிர்ப்பைச் சமாளிக்க ஒடித்து வைத்திருந்த ஸ்டியரிங் ஒரே நொடியில் முழு வேலை செய்ய, வண்டி சாலையைக் குறுக்கே வெட்டி எதிர்த் தடத்துக்குப் பாய்ந்தது. திருப்பி இடது பக்கம் ஒடித்தார். எடை முழுவதும் வலப்பக்க டயர்களில் விழுந்தது. வண்டி வலப்பக்கம் சரிந்து படுத்து, சில மீட்டர் தேய்ந்து நின்றது.

எதிரே வண்டி வராததால் உயிர் தப்பியது. ஓட்டுநருக்கு வலது முழங்கையில் தோல் கிழிந்த காயம். மேற்பார்வையாளர் ஓட்டுநர் மேலேயே விழுந்ததில் காறை எலும்பு முறிவு. பின்னால் இருந்தவர்களில் ஒருவர் திறந்துகொண்ட பின்கதவு வழியாகப் பாதி வெளியே விழுந்தார், இடுப்பெலும்பு முறிவு. இன்னொருவருக்குத் தலையில் தையல். 108 வந்து நால்வரையும் ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனது.

இடத்தில் பார்த்தவை

ஓடிவந்த ஊர்க்காரர்கள் அரைமணி நேரத்தில் வண்டியை நிமிர்த்திவிட்டார்கள். ஆட்களை வெளியே எடுத்த பிறகு நிமிர்த்தியதால் அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பெட்ரோல் வாடை அடிக்கும்போதே பேட்டரி வயரைக் கழற்றாமல் ஒருவர் சாவியைத் திருப்பிப் பார்த்தார். எஞ்சின் இரண்டு சுற்று இழுத்து நின்றது. இது நல்வாய்ப்பு. பக்கவாட்டில் கிடந்த எஞ்சினில் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். திரவத்தைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. அப்படியே ஓடப் பிடித்தால் கனெக்டிங் ராடு வளையும். முறை இதுதான்: முதலில் பேட்டரி நெகட்டிவ் வயர், பிறகு நான்கு ஸ்பார்க் பிளக்கும் வெளியே, துணியை மேலே போட்டு, பெட்ரோல் வாடை போன பிறகு வயரை மறுபடி மாட்டி, எஞ்சினைச் சுற்றவிட்டு ஆயிலைத் துப்பவைப்பது, பிறகு எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், ரேடியேட்டர், பேட்டரி நீர் அளவு. அதன் பிறகே பிளக்கைப் போட்டு ஸ்டார்ட். பட்டறையில் பிளக்கைக் கழற்றியபோது இரண்டு சிலிண்டரிலிருந்து ஆயில் வந்தது.

மறுநாள் காலையில் சாலையை அளந்தோம். கச்சான் அதற்குள் மணல் தடத்தில் பாதியை மூடியிருந்தது, கிடைத்தவை இவை.

தார் விளிம்புக்கும் மணலுக்கும் உயர வேறுபாடு 11 செ.மீ. மேலே மேலே தார் போட்டு, ஓரத்தை நிரப்பாமல் விட்டதால் வந்த படி. இடது சக்கரங்கள் மணலில் ஓடிய நீளம் 17 மீட்டர். எதிர்த் தடத்தில் ஒரு வளைந்த கருப்புக் கோடு, அதன் கடைசியில் விரல் நுழையும் ஆழத்தில் தாரைக் கீறிய தடம். இந்தக் கீறல்தான் முக்கியம். டயர் ரப்பரால் தாரைக் கீற முடியாது. வலது முன் டயர் ரிம்மை விட்டுக் கழன்றிருந்தது; ரிம்மின் வெளி உதடு மடங்கி, மடிப்புக்குள் தார்ப் பொடி ஒட்டியிருந்தது. மற்ற மூன்று டயரிலும் காற்று 16, 15, 16 பவுண்டு.

எடை முழுவதும் விழுந்தபோது 16 பவுண்டு டயர் தாங்கவில்லை. பக்கச் சுவர் மடிந்து, ரிம் தரையைத் தொட்டு, தாரில் கடித்து நின்றது. சறுக்கிக்கொண்டிருந்த வண்டிக்குக் கால் இடறியது போல் ஆனது. ஓடும் வண்டி கவிழ்வதில் பெரும்பாலும் இப்படி ஒரு இடறல் இருக்கும்: மண்ணில் புதையும் டயர், கல், சாலை விளிம்பு, ரிம்.

வண்டிக்கு இருந்த பெயர்

மருத்துவமனை வாசலிலேயே பேச்சு முடிந்துவிட்டது. "ஜிப்சின்னா குடை சாயத்தான் செய்யும்ணே." பார்க்க வந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைச் சொன்னார்கள். காற்று எவ்வளவு இருந்தது, சுமை எங்கே இருந்தது என்று முதலில் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வண்டிக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டால் விசாரணை அதோடு நின்றுபோகிறது. மறுபக்கம், இதே வண்டியை உயிராக நேசிக்கும் இளைஞர்கள் "ஓட்டத் தெரிஞ்சவன் கைல கவுராது" என்றார்கள். இரண்டு பேச்சும் ஆபத்தானவை என்பது எங்கள் உறுதியான கருத்து.

இந்தக் கெட்ட பெயர் அமெரிக்காவில் தொடங்கியது. ஜிப்சியின் குடும்பத்தைச் சேர்ந்த சுசுகி சாமுராய் அங்கே விற்பனையில் இருந்தபோது, 1988-இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் அதைத் திடீர் விலகல் சோதனையில் ஓட்டிப் பார்த்து, இரண்டு சக்கரத்தில் எழுந்து சாய்கிறது என்று படங்களோடு எழுதி, 'ஏற்கத்தக்கதல்ல' என்று முத்திரை குத்தியது. விற்பனை சரிந்தது. வண்டியைத் திரும்பப் பெற வைக்கக் கோரிய மனுவை அதே ஆண்டில் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஏற்கவில்லை. 1996-இல் சுசுகி வழக்குப் போட்டது. 2004-இல் பணம் கைமாறாமல் சமரசம் ஆனது. சாதாரண ஓட்டத்தில் சாமுராய் எளிதில் கவிழும் என்று சொல்வது தங்கள் நோக்கமாக இருந்ததில்லை என்று இதழ்த் தரப்பு சொன்னது. அவசர விலகலில் கிடைத்த முடிவில் அது உறுதியாகவே நின்றது.

நம்மூர் ஜிப்சி அப்படியே சாமுராய் அல்ல. சாமுராயின் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான சக்கர இடைவெளி 2030 மி.மீ., ஜிப்சிக்கு 2375. ஆனால் கவிழ்வதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு நீளத்துக்கு இல்லை, இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்துக்கு. அது இரண்டிலும் 1300 மி.மீ. அளவுதான். இதைப் பொறுத்தவரை கெட்ட பெயரில் ஓர் உண்மை இருக்கிறது: ஒடுங்கிய, உயரமான வண்டியில் தவறு செய்ய இருக்கும் இடம் குறைவு.

கணக்கு

சக்கர அகலத்தில் பாதியை வண்டியின் எடைமையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தால் வகுத்தால் வருவது நிலைத்தன்மை எண். 2001 மாடல் முதல் அமெரிக்க அரசு கவிழ்வு மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது இதைத்தான். சாதாரணக் கார்களுக்கு 1.3-க்கு மேல் வரும். உயரமான வண்டிகள் பெரும்பாலும் 1.0 முதல் 1.3-க்குள். காய்ந்த தாரில் டயரின் பிடிமானம் 0.7 முதல் 0.8 வரை. நிலைத்தன்மை எண் இதைவிட நன்றாக மேலே இருந்தால், வண்டி சாய்வதற்கு முன் டயர் சறுக்கிவிடும். இடறாத வரை கவிழாது. எண் பிடிமானத்தின் அளவுக்கே இறங்கிவிட்டால், சமதளச் சாலையில், எதிலும் இடறாமலே வண்டி சாயலாம்.

வண்டியைப் பழுதுபார்த்து, கம்பெனி உயரத்துக்குத் திருப்பிய பிறகு எடைமையத்தை அளந்தோம். தேவையானது ஓர் எடைமேடையும் செயின் பிளாக்கும்தான். டேங்க் முழுக்கப் பெட்ரோல் (பாதி இருந்தால் சாய்வில் ஒரு பக்கம் ஓடும்). அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே மரக்கட்டை வைத்துச் சங்கிலியால் இறுக்கி, வில் அசையாமல் செய்ய வேண்டும். நியூட்ரல், கைப்பிரேக் விட்டிருக்க வேண்டும். முன் சக்கரங்கள் மட்டும் எடைமேடையில். முதலில் சமமட்டத்தில் எடை. பிறகு பின் சக்கரங்களைப் பனங்கட்டை அடுக்கி 60 செ.மீ. உயர்த்தி மறுபடி எடை. மொத்த எடை 1060 கிலோ வந்த இந்த வண்டிக்கு முன் பாரம் 35 கிலோ கூடியது. கூடிய எடையைச் சக்கர இடைவெளியால் பெருக்கி, மொத்த எடையாலும் சாய்கோணத்தின் டேன் மதிப்பாலும் (இங்கே 0.261) வகுத்தால் 30 செ.மீ. இது அச்சுக்கு மேலே எடைமையம் இருக்கும் உயரம். அச்சு தரையிலிருந்து 31 செ.மீ.; ஆக 61. எடைமேடை 5 கிலோ படியில் காட்டுவதால் 4 செ.மீ. முன்பின் ஆகலாம். எனவே கீழே வரும் எண்களின் இரண்டாம் தசமத்தை நம்ப வேண்டாம். ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாட்டை நம்பலாம்.

கம்பெனி உயரம், ஆளில்லா வண்டி: 1.07. தூக்கிக் கட்டிப் பெரிய டயர் போட்ட பிறகு, ஆளில்லாமல்: 0.93. அதில் நான்கு பேர், கேரியர், கூரைமேல் நான்கு மூட்டை, அதாவது விபத்தன்று இருந்த நிலை: 0.74. டயரும் வில்லும் ஒரு பக்கம் அமுங்கி மடிவதையும் சேர்த்தால் உண்மை இதைவிடக் கீழே.

0.74 என்றால் அந்த ரிம் இடறியிருக்காவிட்டாலும் வண்டி சாய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அதே நான்கு பேர், அதே நான்கு மூட்டை. வண்டி கம்பெனி உயரம், கேரியர் இல்லை, மூட்டைகள் வண்டியின் தரையில் என்றால் 0.96.

பண்ணைக்காரரை நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்த இரண்டு எண்கள். தூக்கிக் கட்டியதை அப்படியே விட்டு, மூட்டைகளை மட்டும் கீழே இறக்கினால் 0.82. மூட்டைகளைக் கூரையிலேயே விட்டு, தூக்கிக் கட்டியதையும் டயரையும் மட்டும் திருப்பினாலும் 0.82. ஆயிரக்கணக்கில் செலவழித்து வண்டியில் ஏற்றிய ஆபத்தும், நூறு கிலோ தீவனத்தைக் கைவசதிக்காகக் கூரையில் போட்ட ஆபத்தும் ஒரே அளவு. பின்னதைச் சரிசெய்யச் செலவே கிடையாது.

எடுத்த முடிவுகள், அதற்கான காரணம்

வீட்டில் எல்லோரும் வண்டியை விற்கச் சொன்னார்கள். ஈஎஸ்பியும் ஆறு காற்றுப்பையும் எல்லா வகையிலும் வரும் ஜிம்னி 2023-இல் இந்தியாவுக்கு வந்தது. அதன் சக்கர அகலம் 1400 மி.மீ. அளவு. சந்தேகமில்லாமல் நல்ல மாற்று. ஆனால் உப்பு நீரும் மணலும் தின்னும் பண்ணை வேலைக்குப் புது வண்டி வாங்கும் நிலையில் அவர் இல்லை. விற்றால் அதே உயரத்தில் இன்னொருவர் ஓட்டப்போகிறார். வைத்துக்கொண்டு சரிசெய்வது என்று முடிவானது.

கூடுதல் பட்டையும் நீள ஷேக்கிளும் கழன்றன. புது புஷ், புது ஷாக், 205/70 டயர். மணலில் கொஞ்சம் இழப்பு உண்டு. 15 பவுண்டில், 20 கி.மீ. வேகத்துக்குள், இரண்டாம் கியரில் ஓடினால் அதே பாதையைக் கடக்கிறது.

உறவினர் ஒருவர் ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை அகலப்படுத்தலாம் என்றார். பக்கத்துக்கு 30 மி.மீ. போட்டால் வெறும் வண்டியின் எண் 1.07-இலிருந்து 1.12 ஆகும். கிடைப்பது அவ்வளவுதான். பதிலுக்கு ஹப் பேரிங்கும் கிங்பின்னும் கூடுதல் பாரம் சுமக்கும், வீல் போல்ட்டில் தளர்வு வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் கம்பெனி அமைப்பிலிருந்து மாறும் வேலைகளைத் தடுக்கிறது. இது ஏட்டுச் சட்டம் என்று நினைத்தவருக்குக் காப்பீட்டில் பதில் வந்தது. சர்வேயர் தூக்கிக் கட்டியதையும் கேரியரையும் எழுதிக்கொண்டு போனார். கோரிய தொகையில் ஒரு பகுதிதான் கிடைத்தது. வேலையாட்களுக்கான கூடுதல் பிரீமியம் கட்டப்படாததால் இருவரின் மருத்துவச் செலவையும் வேலையிழந்த நாட்களின் கூலியையும் பண்ணைக்காரரே கொடுத்தார்.

கேரியரை அறுத்து எடுத்தாயிற்று. தீவனம் இனி குட்டியானையில். அவசரத்துக்கு ஜிப்சியில் ஏற்றினால் தரையில், முன் இருக்கைக்குப் பின்னால் ஒட்டி, நாடாவால் கட்டி.

காற்றுக்கு, பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் 12 வோல்ட் கம்ப்ரஸர் வாங்கினார்கள். லைட்டர் துளையில் செருகும் மலிவு வகை வேண்டாம்: ஃபியூஸ் போகும், இரண்டு டயருக்குள் சூடாகி நின்றுவிடும். 15-லிருந்து 26 பவுண்டுக்கு நான்கு டயருக்கும் கால் மணி நேரம் ஆகிறது. அந்தக் கால் மணி நேரம்தான் உண்மையான சிக்கல். அதைத் தவிர்க்கத்தான் எல்லோரும் அடிக்காமல் போகிறார்கள். அதனால் விதியை இப்படி வைத்தார்கள்: காற்று அடிக்காமல் தார் ஏறலாம், ஆனால் 30 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது. 14 கி.மீ.க்கு அப்படிப் போனால் அரைமணி நேரம். காற்று அடித்து 60-இல் போனாலும் ஏறக்குறைய அதே நேரம்தான், அடிக்காமல் விடுவதில் மிச்சம் எதுவும் இல்லை என்று கணக்கு தானாகவே சொல்லிவிடும்.

ஓட்டுநருக்குத் தண்ணீர் வற்றிய கண்மாயில் பயிற்சி. விளிம்புக்குப் பதிலாக மண்ணை அணைத்து 10 செ.மீ. படி கட்டி, வெறும் வண்டியில் முதலில் 20, பிறகு 30 கி.மீ. வேகம். இடது சக்கரங்கள் இறங்கியதும் செய்ய வேண்டியது, கை உடனே செய்யத் துடிக்கும் செயலுக்கு நேர் எதிர். ஆக்ஸிலேட்டரை விடு, பிரேக்கை மிதிக்காதே, ஸ்டியரிங்கை நேராகப் பிடி, மணலிலேயே ஓடட்டும். வேகம் 30-க்குக் கீழே வந்த பிறகு, விளிம்பு தாழ்ந்த இடம் பார்த்துச் சிறு ஒடிப்பில் ஏறு. ஏறிய கணத்தில் ஸ்டியரிங்கை நேராக்கு. ஆடு குறுக்கே வந்தால் நேர்கோட்டில் பிரேக், ஒதுங்கி ஒடிப்பதில்லை. ஆடு வளர்ப்பவர்கள் நிறைந்த ஊரில் இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஆளின் உயிர் முதலில்.

அதன் பின்

ஓராண்டு கழித்து, அதே சாலையில் எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கியபோது இடது சக்கரங்கள் மறுபடி இறங்கின. ஓட்டுநர் ஒடிக்கவில்லை. நாற்பது மீட்டர் தூரம் மணலில் ஓடி, நின்று, பிறகு ஏறினார். வண்டியில் ஒரு கீறல் இல்லை.

ஆள் ஏற்றும் விதி மட்டும் நிற்கவில்லை. முன்னால் இருவர் மட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். குளத்தில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து ஒரே இரவில் அவசர அறுவடை செய்ய நேர்ந்தபோது, பின் பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்து போனார்கள். அந்த நேரத்தில் குட்டியானையும் கிடைக்கவில்லை, பேருந்தும் இல்லை. மாற்று ஏற்பாடு செய்யாமல் போட்ட விதி இப்படித்தான் உடையும். அதன் பிறகு இரண்டு பெஞ்சையும் மடித்துச் சுவரோடு போல்ட் போட்டார்கள். அவசரத்துக்கு அழைக்க ஷேர் ஆட்டோக்காரர் ஒருவரிடம் மாதக் கணக்கில் பேசி வைத்தார்கள்.

சாலை ஓரத்தை நிரப்பக் கொடுத்த மனுவின் பேரில் கொஞ்ச தூரத்துக்கு கிராவல் கொட்டினார்கள். கச்சான் இரண்டு மாதத்தில் அதன் மேல் மணலைப் பரப்பிவிட்டது. இப்போது பார்ப்பவருக்கு விளிம்பு எங்கே உயரம், எங்கே சமம் என்று தெரிவதில்லை. சில இடங்களில் முன்பைவிட மோசம்.

மாற்ற வேண்டியவை

செய்த வரிசை தலைகீழ். முதலில் வில், பிறகு டயர், கம்ப்ரஸர், பயிற்சி, கடைசியில்தான் பெல்ட் பற்றிப் பேச்சு வந்தது. காயங்களைப் பார்த்தாலே வரிசை தெரிந்திருக்க வேண்டும். பெல்ட் போட்டவருக்குத் தோல் காயம், போடாத இருவருக்கு எலும்பு முறிவு, இன்னொருவருக்குத் தலையில் தையல். கவிழ்வில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் வண்டிக்கு வெளியே விழுவதுதான். இதே போல் இன்னொரு வண்டி வந்தால் முதல் நாள் வேலை பெல்ட்டும் பின்கதவுப் பூட்டும். இரண்டாம் நாள் கேரியர். அதன் பிறகே மற்றவை.

கழற்றிய நீள ஷேக்கிளையும் பெரிய டயரையும் விற்றது தவறு. அவை வேறொரு ஜிப்சிக்குப் போயின. டயரை அகல ரிம்முள்ள வேறு வண்டிக்குக் கொடுத்திருக்கலாம். ஷேக்கிளை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டிருக்க வேண்டும்.

விபத்து நடந்த இடத்தில் வண்டியை நிமிர்த்துவதற்கு முன், நான்கு டயரையும் ரிம்மையும் சுமையையும் கைபேசியில் படம் எடுக்க ஒரு நிமிடம் போதும். காற்று அளவு மறுநாள் வரை கிடைத்தது நம் அதிர்ஷ்டம். யாராவது ஒருவர் உதவும் எண்ணத்தில் காற்று அடித்திருந்தால் காரணமே மறைந்திருக்கும்.

கடலோர வண்டிகளில் பெல்ட் இருந்தால் போதாது. உப்பும் மணலும் ரீலுக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுவதும் இழுத்து விட்டுப் பார்க்க வேண்டும்: தானாகச் சுருள வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் பூட்ட வேண்டும். இந்த வண்டியில் அப்படிச் சோதித்தபோது மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்த இடது இருக்கைப் பெல்ட் பாதியில் சிக்கி நின்றது. அவர் அதைப் போடாமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ரீலைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவியும் சரியாகவில்லை. புது ரீல் வாங்கி, தரை போல்ட் துரு ஏறிய இடத்தில் 3 மி.மீ. தகடு வெல்டிங் செய்து, அதில் மாட்டினார்கள்.